எவ்வளவு தள்ளி நிற்பது

முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா வாங்கியவர்களில் பலர் அடுத்து வாங்கும் லென்ஸ் ஒன்றுதான்: 50 மி.மீ., எஃப்/1.8. விலை குறைவு, எடை குறைவு. மங்கிய விளக்கிலும் படம் விழும். முகத்துக்குப் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். நானும் அப்படித்தான் வாங்கினேன். வாங்கிய அன்றே, அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மாவை எடுக்கப் போனேன். முகம் மட்டும் விழுந்தது. கல்லும் வரவில்லை, கையும் வரவில்லை. ஓரடி பின்வாங்கினேன், இன்னும் ஓரடி. முதுகு சுவரில் முட்டியது. அதற்கு மேல் போக வீட்டில் இடம் கிடையாது.

லென்ஸில் குறை ஒன்றுமில்லை. பழைய ஃபிலிம் சட்டம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். என் கேமராவின் சென்சார் பரப்பில் அதில் பாதிகூட இல்லை. லென்ஸ் கொண்டுவரும் காட்சியின் ஓரங்களை அது விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் வாங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட கேமராக்களில் லென்ஸின் எண்ணை 1.5 அல்லது 1.6 ஆல் பெருக்கிப் பார்த்தால்தான் அது உண்மையில் எவ்வளவு காட்டும் என்பது தெரியும். 50 என்று நினைத்து வாங்கியது என்னிடம் 80 ஆக வேலை செய்தது. கல்யாண மண்டபத்தில் 80 அருமையான லென்ஸ். பத்துக்குப் பத்து அறையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? (இனி வரும் எண்கள் எல்லாம், வேறு வகையாகச் சொல்லாத இடங்களில், 36-க்கு 24 சட்டத்துக்கு உரியவை. சிறிய சென்சார் வைத்திருப்பவர்கள் வகுத்துக்கொள்ளலாம்.)

வீடு, தெரு, டீக்கடை, பஸ் நிலையம் என்று நாள் முழுக்கக் கையோடு போகும் கேமராவுக்கு ஒரே ஒரு லென்ஸ் என்றால் எது? 28, 35, 50 என்று மூன்று கட்சிகள் உண்டு. 40 பக்கம் சாய்ந்தவர்கள் கொஞ்சம் பேர். வாதம் பெரும்பாலும் கூர்மை, பின்புல மங்கல், ‘மனிதக் கண்ணுக்கு நெருக்கமானது’ ஆகிய மூன்றைச் சுற்றியே நடக்கிறது. அடுப்படிச் சுவரில் முட்டியதிலிருந்து எனக்கு இதில் வேறு எண்ணம். லென்ஸின் மேல் பொறித்திருக்கும் அந்த எண், அதாவது குவியத்தொலைவு, எதிரில் இருக்கும் ஆளிடமிருந்து நம்மை எவ்வளவு தள்ளி நிறுத்தும் என்பதற்கான அளவு. அந்தத் தூரம் நமக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் லென்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கு எளிது. 36-ஐக் குவியத்தொலைவால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்கினால் படத்தில் விழும் அகலம் வந்துவிடும். 35 லென்ஸில் இது ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று: பத்தடி தள்ளி நின்றால் பத்தடி அகலம் விழும். இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் கேமராவைத் தூக்குமுன்பே எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்குத் தெரிந்துவிடும். அதே பத்தடியில் 50 ஏழடியையும், 28 பதின்மூன்றடியையும், 24 பதினைந்தடியையும் காட்டும். என் 80 காட்டியது நாலரை அடி.

இதையே ஆளை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் படுக்கைவாட்டுச் சட்டத்தில் தலை முதல் கால் வரை விழ வேண்டும் என்றால், 85 லென்ஸில் பத்தொன்பது அடிக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். 50 என்றால் பதினொன்றரை அடி, 35 என்றால் எட்டடி, 28 என்றால் ஆறரை அடி. பதினொன்றரை அடி என்பது தெருவில் யாரோ போகிறார் என்ற தூரம். நம்மை அவர் பொருட்படுத்தாமலே இருக்கலாம். எட்டடியில் குரலை உயர்த்தாமல் பேசலாம். ஆறரை அடியில் நின்றுகொண்டு பேசாமல் இருப்பதுதான் கடினம். அந்தத் தூரத்தில் கேமராவோடு நின்றால் நம் ஊரில் ‘என்ன தம்பி, எதுக்கு எடுக்கறீங்க?’ என்று கேட்பார்கள். கேட்பதுதான் முறையும்கூட.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் அடிக்கடி தவறாகச் சொல்லப்படுகிறது. ‘28 லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கும், 85 முகத்தை அழகாக்கும்’ என்பார்கள். மூக்கைப் பெரிதாக்குவது தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டரில் நின்றால் காதைவிட மூக்கு கால்பங்கு அருகில் இருப்பதுபோலாகி, அந்த அளவுக்குப் பெரிதாக விழும். இரண்டு மீட்டரில் அந்த வேறுபாடு நூற்றுக்கு ஆறுதான். எந்த லென்ஸை மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. 28 வைத்திருப்பவர் முகத்தால் சட்டத்தை நிரப்பக் கிட்டே போகிறார், 85 வைத்திருப்பவர் தள்ளி நிற்கிறார். கைநீட்டி எடுக்கும் செல்ஃபியில் முகம் ஒரு மாதிரி வருவதும் இதனால்தான்.

இனி 50-இன் கதை. ஜெர்மனியின் வெட்ஸ்லரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமா ஃபிலிமின் சட்டத்தை இரட்டித்து 24-க்கு 36 என்ற அளவில் ஒரு சிறு கேமரா செய்தார். 1925-இல் லைப்ஸிக் சந்தையில் லைகா என்று அது வெளிவந்தபோது அதில் மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. லென்ஸ் இருந்தது. கழற்ற முடியாத லென்ஸ். சட்டத்தின் மூலைவிட்டத்துக்குச் சமமான குவியத்தொலைவே ‘இயல்பானது’ என்பது நெடுநாள் வழக்கம். ஒரு படத்தை அதன் மூலைவிட்டத்தின் அளவு தள்ளி வைத்துப் பார்த்தால், அப்படி எடுத்த படத்தில் தூரமும் அளவும் நேரில் கண்டதுபோல இருக்கும் என்பது அதன் காரணம். 24-க்கு 36 சட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம். ஆகவே ‘இயல்பு’ என்று பெயர் வாங்கிய 50, தொடக்கத்திலேயே இயல்பைவிடச் சற்று நீளமானது.

பின்னால் வந்த எஸ்எல்ஆர் கேமராக்கள் அதை இன்னும் கொஞ்சம் நீட்டின. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கண்ணாடி ஒன்று எழுந்து இறங்க இடம் வேண்டும். குட்டையான லென்ஸ் அதில் போய் இடிக்கும். சோவியத் ஜெனிட் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 58 மி.மீ. என்று இருந்ததும், நிக்கான் எஃப் கேமராவுக்கு ஒரு 58 எஃப்/1.4 வந்ததும் அந்தக் காலத்துக் கதை. குவியத்தொலைவு சிறிதாக இருந்தும் பின்னால் இடம் விட்டு நிற்கும் அகலக்கோண லென்ஸுக்கு வேறு வடிவமைப்பு தேவைப்பட்டது. பிரான்ஸின் ஆன்ஷெனியு நிறுவனம் 1950-இல் அப்படி ஒரு 35 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்தது.

கண்ணுக்கு நெருக்கமானது 50 என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கண் கூர்மையாகப் பார்ப்பது நடுவில் இரண்டு பாகை அளவுக்குத்தான்; மங்கலாக உணர்வதோ பக்கவாட்டில் 180 பாகையையும் தொடும். இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு லென்ஸ் எப்படி இருக்க முடியும்? ஒரு காரணம் மட்டும் உண்டு. பழைய எஸ்எல்ஆர்களில் 50-ஐ மாட்டி ஒரு கண்ணால் வியூஃபைண்டரையும் மறு கண்ணால் வெளியையும் பார்த்தால் இரண்டு காட்சியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தெரியும். வியூஃபைண்டரை அப்படி அமைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வியூஃபைண்டர்களையே வரிசையாகப் பார்த்தால் நெடுநாள் போக்கு ஒன்று தெரிகிறது. 1954-இல் வந்த லைகா எம்3-இன் வியூஃபைண்டரில் 50, 90, 135 ஆகிய மூன்றுக்குத்தான் சட்டக்கோடு இருந்தது. சில ஆண்டுகளில் வந்த எம்2, 35-க்குக் கோடு போட்டது. 1980-இல் எம்4-பி வந்தபோது 28 உள்ளே நுழைந்தது. இன்று பையில் இருக்கும் செல்போனின் முதன்மை லென்ஸ் 24-க்கும் 28-க்கும் இடையில் நிற்கிறது. ஐம்பதிலிருந்து இருபத்திநான்குக்கு இறங்கியிருக்கிறோம். ஐந்தரை அடி ஆளை முழுதாக எடுக்கப் பதினொன்றரை அடி தள்ளி நின்றவர்கள் இன்று ஐந்தரை அடிக்கு வந்திருக்கிறோம். கருவி மாற மாற மனிதர்களுக்கு நடுவே இருந்த இடைவெளியும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எல்லாருக்கும் இது பிடித்துத்தான் நடந்ததா என்று கேட்டால் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

50-இல் பேர் பெற்ற புகைப்படக்காரர் ஹென்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். 1930களின் தொடக்கத்தில் லைகாவைக் கையில் எடுத்தவர், வாழ்நாளின் பெரும்பகுதிப் படங்களை 50-இலேயே எடுத்தார். அவர் படங்களில் நிற்கும் தூரம் எனக்குப் பிடித்த ஒன்று. உள்ளே நுழையாமல், விலகிப் போகாமல், காட்சி தானே கூடிவரும்வரை காத்திருப்பவரின் தூரம் அது. ஆனால் அதற்கு வெளி வேண்டும்: சதுக்கம், படிக்கட்டு, ஆற்றங்கரை. நம் ஊரில் கோயில் பிராகாரமும் கடற்கரையும் 50-க்கு இடம் கொடுக்கும். அடுப்படி கொடுக்காது.

இங்கே ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவைச் சொல்லி வாதாடுவார்கள். வீட்டுக்குள்ளேயே நடக்கும் கதைகள். பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே கேமரா. படம் முழுக்க 50 மி.மீ. லென்ஸ். அவரால் முடிந்தது நம்மால் முடியாதா? நான் இதை நெடுநாள் நம்பியிருந்தேன். கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. சினிமா சட்டம் ஃபிலிமில் ஏறத்தாழ 22-க்கு 16 மி.மீ. அதில் 50 என்பது நம் கணக்கில் 80 பக்கம். என் அடுப்படியில் நான் மாட்டியிருந்த அதே லென்ஸ்! அவர் எடுத்தது ஸ்டுடியோ அரங்கில். கேமரா வேண்டிய தூரத்துக்குப் பின்னால் போகலாம். என் பின்னால் இருந்தது செங்கல் சுவர்.

28-இன் பக்கம் வந்தால் காற்றே வேறு. நியூயார்க் தெருக்களில் கேரி வினோகிராண்ட் 28-ஐ வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். அவர் சட்டத்தில் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் ஐந்தாறு வேலை செய்துகொண்டிருப்பார்கள். டோக்கியோவில் தாய்தோ மொரியாமா சட்டைப்பையில் அடங்கும் ரிக்கோ ஜிஆர் கேமராவின் 28-இல் எடுத்தார். இதற்குக் கருவியும் துணைநிற்கும். 28 லென்ஸை எஃப்/8-இல் வைத்து 3.3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்திவிட்டால் 1.6 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஃபோகஸை மறந்துவிட்டு நடக்கலாம். 35-இல் அதே தெளிவு இரண்டரை மீட்டரிலிருந்துதான் தொடங்கும், 50-இல் ஐந்து மீட்டருக்கு அப்பால். கைநடுக்கமும் 28-இல் குறைவாகவே தெரியும்.

ஆனாலும் 28 எளிதான லென்ஸ் கிடையாது. எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது: பிளாஸ்டிக் வாளி, மின்பெட்டி, சுவரில் காலண்டர், பாதி வெட்டுப்பட்ட பைக். தள்ளி நின்று 28-இல் எடுத்தால் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள், படத்தில் முக்கால்வாசி தரையும் வானமுமாக இருக்கும். அது உயிர்பெறுவது நாம் கிட்டே போகும்போதுதான். கிட்டே போக உரிமை வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தவை ஜோசப் கௌதெல்காவின் படங்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் ரோமா குடியிருப்புகளில் 1960களில் அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது 25 மி.மீ. லென்ஸ். சின்னஞ்சிறு அறை; அதில் குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்கும்; நடுவில் அவர். அந்த அறைக்குள் அவரை வரவிட்டிருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது. அந்த இடத்தைச் சம்பாதித்துக்கொள்ளாமல் லென்ஸை மட்டும் வாங்கிப் பயனில்லை.

85-ஐயும் அதற்கு மேலானவற்றையும் அன்றாட லென்ஸாக நான் சொல்ல மாட்டேன். மேடை, விழா, முகம் என்றால் அவற்றுக்கு நிகரில்லை. கல்யாண ஃபோட்டோகிராஃபர்கள் ‘எய்ட்டி ஃபைவ்’ என்று அன்போடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீளமான லென்ஸையும் தெருவுக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டியவர் சால் லைட்டர். 1950களின் நியூயார்க்கில், பனி படிந்த கண்ணாடிக்கு அப்பாலிருந்து, குடைகளுக்கு இடையிலிருந்து எடுத்தார். அந்தத் தூரம் அவருடைய கூச்சத்தோடும் ஓவியக் கண்ணோடும் ஒட்டிப்பிறந்தது. அவரைப் பார்த்து நாமும் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு, தெரியாமல் ஆட்களை எடுக்கக் கிளம்புவது எனக்கு உடன்பாடில்லை.

மிச்சம் இருப்பது 35-உம் அதன் பக்கத்து வீட்டு 40-உம். என் சாய்வு இங்கேதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. காரணம் வீட்டு ஆல்பம். வீட்டுக்குள் கேமரா வருவதற்கு முந்தைய தலைமுறையில் நம் ஊர் ஸ்டுடியோக்களில் யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்கள் இருந்தன. சதுரச் சட்டத்தில் 80 மி.மீ.; அந்தச் சட்டத்தின் மூலைவிட்டம் 79 என்பதால் அது அசல் இயல்பு லென்ஸ். வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்த்து எடுப்பார்கள். அந்தக் காலத்துக் குடும்பப் படங்களில் எல்லோரும் கொஞ்சம் உயரமாக, மரியாதையாக நிற்பதில் அந்தக் குனிதலுக்கும் பங்கு உண்டு. பிறகு 80களிலும் 90களிலும் வீட்டுக்கு வீடு வந்த சிறிய ஃபிலிம் கேமராக்களில் கழற்ற முடியாத ஒரே லென்ஸ். நம்மிடையே நன்கு பழகிய யாஷிகா எம்எஃப்-2 அதில் ஒன்று. அதன் லென்ஸ் 38 மி.மீ. பிறந்தநாள் கேக், மொட்டைமாடியில் வடகம் காயும் பாய், பொங்கல் பானைக்குப் பின்னால் சித்தி: இந்தப் படங்கள் எல்லாம் 35-க்கும் 38-க்கும் நடுவே எடுத்தவை. வீட்டுப்படம் என்றால் இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று நம் கண் பழகியது அங்கேதான். 1979-இன் ஒலிம்பஸ் எக்ஸ்ஏ-வும் 35; 2011-இல் வந்து பலரைத் திரும்பப் படம் எடுக்க வைத்த ஃபியூஜியின் எக்ஸ்100 காட்டுவதும் 35 அளவுதான்.

40-ஐ நாடியவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான், ஆனால் விடாப்பிடியானவர்கள். 1960களின் ரோலை 35, பெயர் அப்படி இருந்தாலும் லென்ஸ் 40. பென்டாக்ஸ் 1997-இல் மூலைவிட்டத்துக்கே ஒரு லென்ஸ் செய்தது, 43. ரிக்கோ 2021-இல் ஜிஆர் கேமராவை 40 அளவில் தனியாகக் கொண்டுவந்தது. 2024-இல் லைகாவின் ஒரு க்யூ கேமரா 43-உடன் வந்தது. 35-க்கும் 40-க்கும் இடையே ஓரடி முன்பின் நகர்வதுதான் வேறுபாடு. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

‘கையில்தான் போன் இருக்கிறதே’ என்பவர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. போனின் திரையில் 2 என்ற எண்ணைத் தொட்டால் பெரும்பாலான போன்களில் 50 பக்கம் வந்துவிடும். 2023-இன் ஐபோன் 15 ப்ரோ முதன்மை லென்ஸை 24, 28, 35 என்று மாற்றி அதையே நிலையாக வைத்துக்கொள்ள விட்டது. ஒரு வாரம் 35-இல் வைத்து எடுத்துப் பாருங்கள். குழந்தையின் முகம் சற்று அடங்கி, நேரில் பார்க்கும் முகமாக வரும்; நீங்கள் இரண்டடி தள்ளிப் போயிருப்பீர்கள்.

தனக்கான எண்ணைக் கண்டுபிடிக்க, எடுத்த படங்களின் விவரத்தைத் திறந்து எந்தக் குவியத்தொலைவில் அதிகம் எடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள். நானும் எண்ணினேன். 18-55 ஜூம் லென்ஸில் எடுத்த படங்களில் பெரும்பாலானவை 18-இலும் 55-இலும் குவிந்து கிடந்தன. எனக்கு அந்த இரண்டும் பிடிக்கும் என்று அதற்குப் பொருளில்லை. வளையத்தை முட்டும்வரை ஒரு பக்கமோ மறுபக்கமோ திருப்பியிருக்கிறேன், கால் நகரவேயில்லை. ஜூம் நல்ல கருவி, பயணத்துக்கும் விழாவுக்கும் அவசியம். நம் தூரம் எது என்று மட்டும் அதனிடம் கேட்க முடியாது.

ஆகவே வேறு வழி செய்தேன். அதே ஜூம் லென்ஸை 24 என்ற கோட்டில் வைத்து வளையத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். என் சென்சாரில் அது 38. ஒரு மாதம் டேப்பைப் பிரிக்கவில்லை. முதல் வாரம் ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒன்று விடுபட்டது அல்லது மிஞ்சியது. இரண்டாம் வாரத்தில், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போதே ஏறத்தாழச் சரியான இடத்தில் நின்றிருந்தேன். செலவு ஒரு துண்டு டேப். 50-க்கும் 28-க்கும் இதையே செய்து பார்க்கலாம். எந்த எண்ணில் கால் தானாக நிற்கிறதோ அதற்கு லென்ஸ் வாங்கினால் போதும். உங்கள் கால் 50-இல் நின்றால் நான் எழுதியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு 50 வாங்குங்கள்.

அந்த மாதக் கடைசியில் மறுபடி அடுப்படிக்குப் போனேன். அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். சட்டத்துக்குள் முகம் இருந்தது, கரண்டி பிடித்த கை இருந்தது, வாணலி இருந்தது, பின்னால் ஜன்னலில் பாதி வெயில். என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே இடம் மிச்சம் இருந்தது. மூன்று படம் எடுத்திருப்பேன். அவர் திரும்பிப் பார்த்து, “கொஞ்சம் தள்ளி நில்லு, எண்ணெ தெறிக்கும்” என்றார். ஓரடி தள்ளி நின்றேன்.